நொட்டாங்கை இழைப்புளி

கேசட்டை உள்ளே வைத்து டேப் ரிக்கார்டரின் மூடியையும் அழுத்திவிட்டேன். பட்டனை அழுத்தத்தான் கை வரவில்லை.

கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். திருச்சுழி கடைத்தெருவில், பத்தடிக்கு எட்டடியில் என் ரேடியோக் கடை. மணி பத்தரைக்கு மேல் இருக்கும். தெருவில் தகரக் கூரைகள் காய்ந்து மடமடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தன. மேசையில் வயிறு திறந்த டிரான்சிஸ்டர் ஒன்று கிடந்தது. பற்றவைப்புக் கம்பியைச் சூடாக்கிவிட்டு அதை மறந்தே போயிருந்தேன். ஈயப் புகை மூக்கில் ஏறியபோதுதான் சுவிட்சை அணைத்தேன்.

கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'காமாட்சிக்கு' என்று நீல மையில் எழுதியிருந்தது. எழுத்து இடப்பக்கம் சாய்ந்து, மை இழுபட்டுக் கலைந்திருந்தது. காலையில் முதல் பஸ்ஸுக்கு வீரசோழனிலிருந்து வந்த காசிம் பாயின் தம்பி அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "அந்தப் புள்ளைக்குச் சொல்லி விட்டுட்டேன், ரெண்டு மணி பஸ்ஸுக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவது அதிகம். ஊரில் எல்லார் வீட்டிலும் டேப் ரிக்கார்டர் கிடையாது. என் கடைக்கு வருவார்கள். போட்டுக் காட்டுவேன். மறுபக்கத்தில் பதில் பேசிப் பதிந்துகொண்டு போவார்கள். இதற்கு நான் காசு வாங்கியதில்லை. எனக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யாருக்கு வந்ததோ அவர் வந்து உட்காராமல் கேசட்டைத் தொட மாட்டேன்.

அத்தனை வருடம் காப்பாற்றிய சட்டத்தை அன்றைக்கு உடைத்தேன். அந்தக் கேசட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ரெண்டு மணிக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் செய்த ஒரு காரியத்துக்கு அதில் பதில் வந்திருக்கும் என்று நான்கு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

ஸ்பீக்கர் பெட்டியில் ஆரம்பித்தது

மைக் செட் நாட்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பாலவனத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஸ்பீக்கர் பெட்டிகளை நீங்களே செய்தீர்களா, ஆசாரியிடம் கொடுத்துச் செய்தீர்களா?" நானேதான் செய்தேன் ஐயா. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

நாங்கள் அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். மரத்தோடு எங்கள் குடும்பத்துக்கு உள்ள சம்பந்தம் தறிச் சட்டத்தோடு சரி. நான் தறியை விட்டு ரேடியோவுக்கு ஓடிவந்தவன்.

பங்குனியில் கோயில் பொங்கல் சாட்டினால் ஊருக்கு ஊர் ஸ்பீக்கர் கேட்பார்கள். பெட்டி செய்ய ஆசாரி கிடைக்க மாட்டார். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அருப்புக்கோட்டையில் பழைய இரும்பு வாங்குகிற கடையில் துருவேறிக் கிடந்த, மரம் சீவுகிற ஓர் இழைப்புளியை வாங்கி வந்தேன். வேப்பம்பலகையில் வைத்துத் தள்ளினேன். பலகை சிலும்பியது. இழைப்புளி எகிறிப் போய்க் காலில் விழுந்தது.

பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினேன். தகட்டைத் தீட்டிப் பார்த்தேன், ஆப்பை இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன். பதினோராவது நாளோ என்னவோ, பலகையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை ஒரே சுருளாக வந்தது. அவ்வளவு மெல்லிசு, அதற்கு அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது.

நான் சத்தத்தை வைத்துப் பிழைத்தவன். இழைப்புளி சரியாக ஓடும்போது வருகிற சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது. ரேடியோ முள்ளைத் திருப்பித் திருப்பி, இரைச்சல் எல்லாம் அற்று, ஸ்டேஷன் பளிச்சென்று விழுமே, அது மாதிரி. அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கண் பரணுக்குத்தான் போகும். அந்தச் சமயம் எங்கள் பக்கத்து ஆசாரிமார் பாதிப் பேர் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலைக்குப் போயிருந்தார்கள். சாமான்கள் வீட்டில் கிடந்தன. ரேடியோவைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "கூலி கெடக்கட்டும் தாயி, அந்த இழைப்புளிய வேணா குடுங்க" என்பேன். பலகைகளைச் சேர்க்கிற நீள இழைப்புளி, காடி எடுக்கிறது, விளிம்பு வளைக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி ஒன்று என்று கடைச் சுவரில் பதினோரு இழைப்புளிகள் ஏறின.

"ரேடியோக் கடைன்னு போர்ட வச்சுக்கிட்டு ஆசாரி பட்டறை நடத்துறீக" என்று என் மனைவி சொல்லாத நாள் இல்லை. எனக்கோ ஒவ்வொன்றையும் பிரித்து, துடைத்து, தீட்டி, என் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஓடவிடுவதில்தான் சுகம். 'என் கைக்கு ஏற்ற மாதிரி' என்பதை நான் அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

கோணலை நிமிர்த்தினேன்

காமாட்சி, எம்.ரெட்டியபட்டிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சின்ன ஊர்க்காரி. அவள் கணவர் நாகலிங்கம் தச்சர். அவர் வளைகுடாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு கேசட் வரும். பருத்தி எடுக்கிற வேலையை அரை நாளில் விட்டுவிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு கேட்க வருவாள். அவர் பேசப் பேச இவள் டேப் ரிக்கார்டரைப் பார்த்து 'உம்' கொட்டுவாள்.

நாகலிங்கத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் இருமுகிற இருமல் வரைக்கும் எனக்குத் தெரியும். கடை சின்னது. கேட்காத மாதிரி வேலை பார்க்கலாம், கேட்காமல் இருக்க முடியாது.

ஒருமுறை அவள் ஊர்க் கோயிலில் மைக் செட் மக்கர் பண்ணியது. போனவன், அவள் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ரேடியோவையும் கையோடு அவள் வீட்டுக்குக் கொண்டு போனேன். கண் வழக்கம்போலப் பரணுக்குப் போனது. சாக்கில் சுற்றிய ஒரு கட்டை. சாக்கின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"அவுகளோட இழைப்புளிண்ணே. ஆயுத பூசைக்கு மட்டும் எறக்கிப் பொட்டு வச்சுட்டுத் திரும்ப ஏத்திருவேன்."

"நாலு நாள் வச்சுப் பாத்துட்டுத் தாரேனே?"

அவள் முகம் சுருங்கியது. "தொழில் சாமானக் கை மாத்தக் கூடாதும்பாக. கூடப் பெறந்த அண்ணனுக்கே குடுக்க மாட்டாக."

நான் விட்டிருக்க வேண்டும். விடாமல் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ரெண்டு வருசமா காசு வாங்காமப் போட்டுக் காட்டுறீக. உங்களுக்கு இல்லேன்னு எப்படிச் சொல்ல? கொண்டுபோயிட்டுத் தாங்க."

நாலு நாள் என்றது எட்டு மாதம் ஆனது.

கருவேல மரத்தின் நடு வைரத்தில் செய்த கட்டை. கறுப்பும் சிவப்புமாக, கையில் எடுத்தால் கல்லைப் போலக் கனக்கும். ஆனால் எல்லாமே கோணல். பின்பக்கத்துப் பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்பக்கம், நாம் நான்கு விரலையும் மடக்கிப் பிடிக்கிற இடத்தில், பெருவிரல் அளவுக்கு ஒரு குழி. தகட்டின் வாயும் நேராக இல்லாமல் ஒரு நூல் அளவுக்குச் சாய்வாகத் தீட்டியிருந்தது. தள்ளிப் பார்த்தால் எனக்குக் கை மணிக்கட்டில் வலித்தது.

யாரோ அரைகுறை வேலைக்காரன் செய்திருக்கிறான், பாவம், நல்ல கட்டை வீணாகிறதே என்று நினைத்தேன். நாகலிங்கம் இடது கைக்காரர் என்பது எனக்குத் தெரியாது. குரலில் கை தெரியுமா? கேசட்டின் மேல் சாய்ந்து சாய்ந்து வரும் அந்த எழுத்தைப் பார்த்தாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பிடியைக் கழற்றினேன். பழைய துளையில் கட்டை அடித்து அடைத்து, நேராக வேறு துளை போட்டு மாட்டினேன். பெருவிரல் குழியில் புளியங்கட்டைத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டி, மேல் மட்டத்துக்குத் தேய்த்தேன். தகட்டை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சாணை பிடித்து வாயை நேராக்கினேன். பிறகு ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஓடியது! சுவரில் முதல் ஆணியில் அதைத்தான் மாட்டினேன்.

திங்கள் முதல் வியாழன் வரை

ஒரு திங்கட்கிழமை காமாட்சி கேசட்டோடு வந்தாள். நலம் விசாரித்தல், இருமல், அங்கே அடிக்கிற வெயில் எல்லாம் முடிந்ததும் அவர் சொன்னார்:

"ஏ காமாட்சி, நல்லாக் கேட்டுக்க. இங்க கம்பெனிக்குள்ள கதவு, சன்னல் செய்யிற பட்டறை ஒண்ணு இருக்கு. உள்ளயே வேலை, வெயில் கெடையாது. போர்மேன் ஆள் எடுக்கிறான். ஒரு கதவு செஞ்சு காட்டச் சொல்லியிருக்கான். இங்க உள்ள சாமான் எதுவும் என் நொட்டாங்கைக்கு ஒத்து வரல. பரண்ல நம்ம இழைப்புளி இருக்குல்ல, அதக் குடுத்துவிடு. வீரசோழன் காசிம் பாய் லீவுக்கு வந்திருக்காக. வியாழக்கெழம கெளம்புறாக. அது ஒண்ணு வந்துட்டா நான் பட்டறைக்குள்ள போயிருவேன்."

நொட்டாங்கை என்றால் இடது கை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லவேளைண்ணே, நல்ல கையில குடுத்து வச்சேன். துருப்பிடிச்சிருக்கும் இல்லேன்னா."

"ஆமா தாயி" என்றேன்.

"உங்க கிட்ட இருந்துச்சுன்னு சொல்ல வேணாம்ணே. கோவிச்சுக்குவாக."

மறுபக்கத்தில் பதிந்தாள்: பரணில் பத்திரமாக இருக்கிறது, பாயிடம் கொடுத்துவிடுகிறேன். நானே வீரசோழனில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். "உங்களுக்கு எதுக்குண்ணே செரமம்" என்றாள். அவள் போனதும் கடைக்கதவைப் பாதி சாத்தினேன். முதல் ஆணியிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வெறும் நான்கு வார்த்தை. அவள் 'நல்ல கையில' என்றாளே, அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. மூன்று நாள் இருக்கிறது, முன்பு இருந்த மாதிரியே ஆக்கிவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒட்டிய துண்டைப் பெயர்த்தேன். அதோடு குழியின் விளிம்பும் பிய்ந்து வந்தது. பிடியைப் பழைய துளையில் திரும்ப மாட்டலாம் என்றால் அது எந்த அளவுக்குச் சாய்ந்திருந்தது? நான் அளந்து வைக்கவில்லை. இடது கையில் பிடித்துப் பார்த்தேன், என் இடது கைக்கு எதுவுமே தெரியவில்லை. தகட்டில் தேய்ந்துபோன இரும்பைத் திரும்ப வரவழைக்க யாராலும் ஆகாது. ஒரு நூல் சாய்வு என்று நினைவில் இருந்தது, எந்தப் பக்கம் ஏற்றம், எந்தப் பக்கம் இறக்கம் என்பதே குழம்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பட்டறை பட்டறையாக ஏறி, இடது கை ஆசாரி யாராவது உண்டா என்று கேட்டேன்.

"பொண்ணு பாக்கிற மாதிரியில்ல தேடுறீக" என்று ஒருவர் சிரித்தார். வயதானவர், மூக்கில் கண்ணாடி. கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு இத இப்படிப் பண்ணது?"

"தெரியல. பழசா வாங்குனேன்" என்றேன்.

"நொட்டாங்கைக்காரன் பலகைய நமக்கு எதிர்ப் பக்கமாப் போட்டுத் தள்ளுவான். பிடியோட சாய்மானம், தகட்டோட வாட்டம் எல்லாம் அவன் தோளுக்கும் இடுப்புக்கும் பாத்து அவனே வச்சுக்கிறது. அவன் கையிலயே குடுத்து இதே மாதிரி இன்னொண்ணு செய்யின்னா, அது இது மாதிரி வராது. கெடுத்துப்புட்டானே பாவி."

அந்தப் பாவி 'உம்' கொட்டிவிட்டு பஸ் ஏறினான்.

புதன்கிழமை என் ஊகத்துக்கு ஒரு சாய்வில் பிடியை மாட்டினேன். அது ஆடியது. நேராகவே இருந்தால் இறுக்கமாவது இருக்கும் என்று மறுபடி நேராக மாட்டினேன். பெருவிரல் குழியில் புதுத் துண்டு வைத்து ஒட்டி, எண்ணெய் தடவிக் கறுப்பாக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை காசிம் பாய் வீட்டில் பெட்டிகளைத் தராசில் போட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் சாக்கைத் தூக்கிப் பார்த்து, "கட்டையா, கருங்கல்லா? இதுக்காக ரெண்டு கைலியக் கொறைக்கணும் போலயே" என்றார். பிறகு அவரே கைலிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டுச் சாக்கை உள்ளே திணித்தார். "அந்த மனுசன் வெயில்ல கெடந்து காயிறாரு. போய்ச் சேரட்டும்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'பாய், அவர்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்' என்றால் முடிந்தது. டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

பதினோரு மணிக்குக் கேட்டது

அதன் பிறகு அந்த நான்கு மாதமும் கடைவாசலில் சேலைத் தலைப்பு தெரிந்தாலே அவளோ என்று எட்டிப் பார்ப்பேன். சுவரில் இருந்த இழைப்புளிகளை நான் தொடவே இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை வந்து சாத்திக் கிடந்தது. ஒருவேளை அவர் அங்கேயே அதைத் தன் கைக்குச் சரிபண்ணிக்கொண்டிருப்பார் என்று சாமி கும்பிடும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

எங்கே விட்டேன்? பட்டனை அழுத்தாமல் நின்றதில். அழுத்தினேன்.

முதலில் வழக்கமான இரைச்சல். பிறகு இருமல். அவர் அவளை 'ஏ காமாட்சி' என்று கூப்பிடவில்லை. நேராக ஆரம்பித்தார்.

"பாய் குடுத்தாக. சாக்கப் பிரிச்சுப் பாத்தேன். அது என் இழைப்புளி இல்ல. கட்டை நம்ம கட்டை மாதிரி இருக்கு, பிடி என் பிடி இல்ல. என் பெருவெரல் குழியக் காணோம். எவனோ சோத்தாங்கைக்காரனோடது. சரி, வந்ததுதான் வந்துச்சுன்னு அதவச்சே கதவ இழைச்சேன். பூராம் பிசிறு. போர்மேன் தடவிப் பாத்துட்டுச் சிரிச்சான். திரும்பச் சென்ட்ரிங் வேலைக்கே போன்னுட்டான்."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். நின்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பரண்ல பத்திரமா இருக்குன்னு உன் வாயால சொன்ன. என் இழைப்புளிய யாருக்கு வித்த? வித்துட்டு எவனோடதையோ வாங்கி என்னைய ஏமாத்த அனுப்பிருக்க. உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? இனிமே பணம், காசு எதுனாலும் என் அண்ணன் பேருக்கே அனுப்பிக்கிறேன். நீ அவருகிட்டக் கேட்டு வாங்கிக்க. அவரு வந்து உன்கிட்ட விசாரிப்பாரு."

அவ்வளவுதான். மீதி கேசட் காலியாக ஓடியது.

கதவு பிசிறடித்தது என்றபோது வருத்தப்பட்டேன். ஆனால் பழி அவள் தலையில் விழும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்றுதான் நான்கு மாதமும் பயந்தேனே தவிர, அவளைப் பற்றி ஒரு நிமிடம் பயப்படவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உடனே என் மண்டை வேறு பக்கம் ஓடியது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாத சங்கதியா? 'யாருக்கு வித்த' என்கிற இடத்திலிருந்து கடைசிவரை அழித்துவிட ஒரு நிமிடம் போதும். "சூட்டுல டேப்பு கெட்டுப்போச்சு தாயி" என்றால் அவள் நம்புவாள். சிவப்புப் பட்டனில் விரலை வைத்தேன்.

பிறகு தோன்றியது. அங்கே அவர் பதிலுக்குக் காத்திருப்பார். கேள்வியே கேட்காத இவள், பருத்தி நல்ல விளைச்சல், மழை இல்லை என்று பேசி அனுப்புவாள். அதைக் கேட்டால் அவர் என்ன முடிவுக்கு வருவார்? அண்ணன் வந்து வாசலில் நின்று கத்துவார், இவளுக்கு எதற்கென்றே தெரியாது. விரலை எடுத்துவிட்டேன். நல்ல மனசினால் எடுத்தேன் என்று சொல்ல முடியாது, பயந்துபோய்த்தான் எடுத்தேன். கேசட்டை முதலில் இருந்த இடத்துக்கே சுற்றி வைத்தேன்.

ரெண்டு மணி பஸ்

பஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. காமாட்சி பவுடர் திட்டுத் திட்டாக வேர்த்த முகத்தோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "பட்டறைக்குள்ள போயிருப்பாகல்ல அண்ணே?" என்று கேட்டாள். பட்டனை அழுத்தினேன்.

முதல் இருமலுக்கு 'உம்' கொட்டினாள். அப்புறம் கொட்டவில்லை. அவர் கடைசி வார்த்தை சொல்லி முடித்தபோது அவள் டேப் ரிக்கார்டரைப் பார்க்கவில்லை, தன் மடியில் கிடந்த மஞ்சப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம இழைப்புளியத்தானண்ணே குடுத்துவிட்டோம்?"

"அதேதான் தாயி."

அது பொய் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பெருமூச்சு வந்தது.

"அப்ப நீங்களே சொல்லுங்கண்ணே. நான் சொன்னா இனிமே நம்ப மாட்டாக. கடைக்கார அண்ணன் சாட்சி சொன்னா நம்புவாக. உங்க கையாலதான பாய்கிட்டக் குடுத்தீக?" எழுந்து, மேசையில் இருந்த மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. எத்தனையோ பேருக்கு 'கிட்ட வந்து பேசுங்க, கூச்சப்படாதீங்க' என்று சொல்லிக் கொடுத்தவன், மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, ரேடியோக் கடைக்காரன் பேசுறேன். காமாட்சி எதையும் விக்கல. அது உங்க இழைப்புளிதான். எட்டு மாசம் என்கிட்ட இருந்துச்சு. பிடி கோணலா இருக்குன்னு நெனச்சு நான்தான் மாத்தினேன். குழிய அடைச்சதும் தகட்டச் சாணை பிடிச்சதும் நான்தான். தெரியாமச் செஞ்சுட்டேன். மன்னிச்சுக்கங்க."

நிறுத்தினேன். அவள் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. காலையிலேயே இதைக் கேட்டுவிட்டேன் என்பதையும் சுவரைப் பார்த்தபடி சொன்னேன். அழுவாள், திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"போட்டுக் காட்டுங்க" என்றாள்.

போட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக, மூக்கடைத்த மாதிரி வந்தது. 'தெரியாமச் செஞ்சுட்டேன்' என்ற இடத்தில் கையைத் தூக்கினாள்.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன்.

"நொட்டாங்கைன்னு அவுக இதுல சொன்னப்ப நான் இங்கதான் உக்காந்திருந்தேன். அப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுல்ல?"

"தெரிஞ்சுபோச்சு."

"பாய்கிட்டக் குடுக்கையில?"

"தெரியும்."

"அப்புறம் என்ன தெரியாம? அத அழிச்சுட்டுத் திரும்பச் சொல்லுங்க. நான்தான் கை மாத்திக் குடுத்தேங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க. அதுவும் உள்ளதுதான." குரலை உயர்த்தவே இல்லை.

கேசட்டைப் பின்னால் சுற்றினேன். சிவப்புப் பட்டனை அழுத்தினேன். பேசினேன். அவள் இரவல் கொடுத்ததை, நாலு நாள் என்று சொல்லி எட்டு மாதம் வைத்திருந்ததை, எந்தக் கைக்காரர் என்று கேட்காமல் கட்டையைத் திருத்தியதைச் சொன்னேன். "கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சேதான் அண்ணே குடுத்துவிட்டேன். அந்தப் புள்ளைகிட்டயும் சொல்லல, பாய்கிட்டயும் சொல்லல" என்று முடித்தேன். இந்தத் தடவை மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

அவள் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. கேசட்டை வாங்கி மஞ்சப்பையில் வைத்து, பையை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். போய்ட்டு வாரேன் என்று எப்போதும் சொல்பவள், அன்றைக்குச் சொல்லவில்லை.

அடுத்த கேசட் என் கடைக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. அந்த வருடம் கடைசியில் பஸ் ஸ்டாண்டில் காசிம் பாயின் தம்பியைப் பார்த்தேன். அவராகவே சொன்னார்: "அந்தப் புள்ள பேருக்குத்தான் எல்லாம் வருது. அண்ணன் பேருக்கு ஒண்ணும் வரல. கேசட்டும் ஒழுங்கா வருது."

"எங்க போட்டுக் கேக்குது?"

"அருப்புக்கோட்டையில ஏதோ கடையாம். ரெண்டு பஸ் மாறிப் போகுது."

நாகலிங்கம் அங்கே என்ன சொன்னார், என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா என்று கேட்கத் துடித்தேன். கேட்கவில்லை. அந்தப் பதில் மட்டும் இன்றுவரை என் காதுக்கு வரவில்லை.